நோயுற்ற ஏழைக் குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, அங்குள்ள மருத்துவமனைக்கே உதவுவதா?

நெடுவழி எழுதியது:

எங்கள் நன்கொடைக் குழுவின் முன் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. தீக்காயத் தழும்பு இறுகி, தாடை மார்போடு ஒட்டிக்கொண்ட ஒரு குழந்தையை அறுவை சிகிச்சைக்காக வேறு நாட்டுக்கு அனுப்ப உதவுமாறு முதலாவது கேட்கிறது. அக்குழந்தையின் நாட்டிலுள்ள ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு மயக்கவியல் மருத்துவர் ஒருவரைப் பயிற்றுவிக்கவும் அறுவை அரங்கைச் சீரமைக்கவும் இரண்டாவது கேட்கிறது. இரண்டுக்கும் கொடுக்கப் பணம் போதாது.

நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். உலகில் ஏறத்தாழ 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுபடியாகும் அறுவை சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய பற்றாக்குறையை விமானப் பயணச்சீட்டுகளால் அடைக்க முடியாது. மேலும், முதல் கோரிக்கை எங்கள் உறுப்பினர்களின் மனத்தை அசைத்ததற்குக் காரணம் அதனோடு இணைக்கப்பட்டிருந்த புகைப்படம்தான். இதய வால்வு பழுதான குழந்தையோ படத்தில் நோயில்லாதது போலவே தோன்றும். அதற்காகக் கண்ணீர் விடுவார் எவருமில்லை.

அகல் எழுதியது:

நண்பர் நெடுவழியின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இந்தக் குழந்தைக்கு இடமே இல்லை. மயக்கவியல் மருத்துவர் ஒருவர் பயிற்சி முடித்து வர ஆண்டுகள் ஆகும். அதுவரை தழும்பு காத்திருக்காது. வளரும் வயதில் கழுத்து இழுபட்ட நிலையிலேயே இருந்தால் தாடை எலும்பே கோணலாக வளரும். வாயை முழுமையாக மூட முடியாமல் போகும். தலையைப் பின்னால் சாய்க்க முடியாத குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதற்காக மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது அனுபவம் மிக்க மருத்துவரையே தடுமாற வைக்கும் வேலை. புதிதாகப் பயிற்சி பெற்றவரிடம் முதல் ஆண்டிலேயே ஒப்படைக்கக்கூடியது அன்று.

புகைப்படத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தாது. ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1967 முதல் இயங்கும் பிரீடன்ஸ்டோர்ஃப் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த நாட்டில் சிகிச்சைக்கு வழியில்லாமை, குணமாகும் வாய்ப்பு, குடும்பத்தின் வறுமை, சிகிச்சை முடிந்தபின் குழந்தை வீடு திரும்பும் என்ற உறுதி ஆகியவற்றைப் பார்த்த பிறகே குழந்தையை அழைத்து வருகிறார்கள். ஆறாத எலும்புச் சீழ், தீக்காயம், போர்க்காயம் என்று பலவற்றுக்கும் அங்குள்ள மருத்துவமனைகள் இலவசமாகப் படுக்கை ஒதுக்கி வந்திருக்கின்றன.

நெடுவழி எழுதியது:

அந்த ஏற்பாட்டில் பெற்றோர் உடன் செல்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிறு குழந்தை பல மாதங்கள் அந்நிய மொழிக்காரர் நடுவே வளர்ந்து திரும்புகிறது. உயிர் பிழைக்க அது கொடுக்க வேண்டிய விலை என்றே ஒப்புக்கொண்டாலும், திரும்பிய பிறகு என்ன நடக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட குழந்தைக்குச் செயற்கை உலோக வால்வு பொருத்தினால், அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரத்தம் உறையும் வேகத்தை அடிக்கடி சோதித்து மருந்தின் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், கூடினால் உடலுக்குள் இரத்தம் கசியும். சோதனைக்கூடம் இல்லாத ஊருக்கு அந்தக் குழந்தையை அனுப்பிவிட்டுச் சிகிச்சை வெற்றி என்று எழுதுவது என் பார்வையில் நேர்மையன்று. அந்த நோயையே தொடக்கத்தில் கண்டறிந்து, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால் வால்வு மேலும் கெடுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அதற்கு விமானம் தேவையில்லை. இதய அறுவை சிகிச்சையைக்கூட ஏழை நாட்டிலேயே இலவசமாகச் செய்ய முடியும் என்பதை, எமர்ஜென்சி என்ற இத்தாலிய அமைப்பு 2007இல் சூடானின் கார்ட்டூம் அருகே திறந்த சலாம் மையம் காட்டியிருக்கிறது.

கதிர்முகம் எழுதியது:

குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நீங்கள் இருவரும் அறுவை அரங்கின் வாசலிலேயே நிற்கிறீர்கள். சிகிச்சை பாதியில் நின்றுபோனதற்கு நான் அதிகம் கண்ட காரணம் மருத்துவக் கட்டணம் அன்று. பேருந்துக் கட்டணமும், இழந்த கூலியும், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளும்தான்.

இரத்தப் புற்றுநோயைப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பெரிதும் வரும் வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை தேவை. ஆனால் முதல் மாதம் முடியும்போதே காய்ச்சல் நின்று, முகம் தெளிந்து, குழந்தை கட்டிலில் எழுந்து விளையாடத் தொடங்கும். "சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இங்கே இருக்க வேண்டும்?" என்று தகப்பன் கேட்பார். ஏற்கெனவே கடன் வாங்கிவிட்ட மனிதரின் கேள்வி அது, அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு அந்நிறுவனம் சொல்லும் காரணங்களுள் பாதியில் கைவிடப்படும் சிகிச்சையும் ஒன்று. 1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கிய செயின்ட் ஜூட் மருத்துவமனை சிகிச்சைக்கு மட்டுமின்றிப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கும் குடும்பத்திடம் பணம் கேட்பதில்லை. அது வெறும் தாராள மனம் அன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

பிறவியிலேயே பாதம் உட்புறமாக வளைந்த குழந்தைக்குப் போன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி, பெரும்பாலும் பெரிய அறுவை இல்லாமலே நேராக்கிவிடலாம். அதன்பின் முதல் மூன்று மாதங்கள் ஏறத்தாழ நாள் முழுவதும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும் நேரத்தில் கம்பி இணைத்த காலணி அணிய வேண்டும். கால் வளர்ந்து காலணி சிறுத்துப்போகும், குதிகாலில் கொப்புளம் வரும், குழந்தை அழும், தாய் கழற்றிவிடுவாள். பாதம் மீண்டும் வளையும். பெரிய அளவில் வேறொரு காலணி தக்க நேரத்தில் கிடைத்திருந்தால் அவ்வளவு உழைப்பும் வீணாகியிருக்காது.

அகல் எழுதியது:

அம்மா சொன்னது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்பவர்கள் பயணம் முதல் உணவு வரை தாங்களே ஏற்கிறார்கள். நெடுவழி ஆதரிக்கும் மாவட்ட மருத்துவமனையின் கோரிக்கையில் நோயாளியின் பயணச் செலவுக்கென்று ஒரு வரியாவது உண்டா? அரங்கு பளபளக்கும், மலையடிவாரத்துக் குழந்தை அங்கு வந்து சேராது.

நெடுவழி எழுதியது:

கோரிக்கையை மீண்டும் பார்த்தேன், அப்படி ஒரு வரி இல்லை. கருவிப் பட்டியலைக் குறைத்து அதைச் சேர்க்குமாறு கேட்கப் போகிறேன். என் வாக்கு மாறவில்லை. நீங்கள் ஆதரிக்கும் கடிதத்திலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அறுவையின்போது வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் தோல் குழந்தையோடு சேர்ந்து அதே வேகத்தில் வளராது. அதனால் சில ஆண்டுகளில் மறுபடியும் அறுவை தேவைப்படலாம். அப்போது யார் செய்வார்கள்?

கதிர்முகம் எழுதியது:

அதற்கும் முன்னால் வேறொன்று. அறுவைக்குப் பிறகு கழுத்து மறுபடியும் இறுகாமலிருக்கப் பல மாதங்கள் கழுத்துப்பட்டை அணிந்திருக்க வேண்டும். அதை அளவெடுத்துச் செய்து, குழந்தை வளர வளரத் திருத்திக்கொடுக்கவும், கழுத்தை நீட்டும் பயிற்சியைத் தாய்க்குக் கற்றுத்தரவும் ஓர் இயன்முறை மருத்துவர் வேண்டும். அந்தக் குழந்தையின் ஊருக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அவர் இல்லையென்றால் இரண்டு கோரிக்கைகளுமே குறையுள்ளவை.

அகல் எழுதியது:

அந்தக் கேள்வியை எழுதி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: பதில் வரும்வரை குழந்தையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது, பணத்தையும் வேறு எதற்கும் ஒதுக்கக் கூடாது.

நெடுவழி எழுதியது:

மாத இறுதிவரை ஒதுக்காமல் வைத்திருக்கக் குழுவிடம் கேட்கிறேன். அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. மாவட்ட மருத்துவமனையில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பவரும் காத்துக்கொண்டிருக்கிறார்.