மறுமடல்: குளம் தூர்வாரும் வேலையும் ஊர்ப் பிள்ளைகளின் கடிதமும்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். குளத்தைத் தூர்வாருவது பற்றி இரு வாரங்களாக இங்கே வந்துகொண்டிருக்கும் மடல்களை ஒன்று விடாமல் வாசித்தேன். மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்துக்கு மணிக்கு எவ்வளவு, கொந்தராத்தை யாரிடம் கொடுப்பது, வெளிநாடுகளிலுள்ள நம் ஊர்ச் சங்கக் கிளைகளில் எது எவ்வளவு காசு போடுவது, பெயர்ப்பலகையில் எந்தக் கிளையின் பெயர் முதலில் வருவது என்று எல்லாவற்றையும் பேசிவிட்டோம். இதற்கிடையில் சனசமூக நிலையச் செயலாளர் ஒரு கடிதத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஊரிலுள்ள இளைஞர்களும் யுவதிகளும் சேர்ந்து கையெழுத்து வைத்த கடிதம் அது. அதற்கு ஒருவரும் ஒரு வரி பதில் எழுதவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல்.

கடிதத்தைத் தயவுசெய்து மறுபடி எடுத்து வாசியுங்கள். பிள்ளைகள் காசு கேட்கவில்லை. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தாங்கள் முழுவதும் நடந்து பார்த்ததாகவும், அது பல இடங்களில் அடைபட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பிளாஸ்டிக் குப்பை, இன்னோரிடத்தில் தூர்ந்துபோன மதகு, வேறு சில இடங்களில் புதிதாக எழும்பிய மதில்கள். வாய்க்காலைத் திறக்காமல் குளத்தை மட்டும் ஆழமாக்கினால் மாரி வெள்ளம் ஒழுங்கைகளில் நிற்குமே தவிர, குளத்துக்கு வராது என்கிறார்கள். கையால் கீறிய ஒரு வரைபடத்தையும் இணைத்திருக்கிறார்கள். அந்த மதில்களில் பல நாம் அனுப்பிய காசில் கட்டப்பட்டவை. பிள்ளைகள் மரியாதை கருதி அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள், நான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, மீதி மாதங்களில் நம் கிணறுகளில் ஊறுகிறது. அந்த மழையை நிறுத்திவைத்து நிலத்துக்குள் இறக்கும் இடமே குளம். இதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. இந்தக் குழுவில் பொறியியலாளர்களே பலர் இருக்கிறார்கள். ஆனாலும் வாய்க்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் மழையில் நனைந்து, முழங்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் அது கண்ணில் பட்டிருக்கிறது. பல இலட்சம் ரூபாய் வீணாகாமல் இருக்கப்போவது அவர்களால்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொதுவேலைக்கு வருவதில்லை, போனும் மோட்டார் சைக்கிளும்தான்” என்று லண்டனிலிருந்து மாமா ஒருவர் எழுதியிருந்தார். போதைப்பொருளைப் பற்றி வேறு இருவர் எழுதியிருந்தார்கள். போதையின் ஆபத்து உண்மையானது, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஊர் இளைஞர்களைப் பற்றி இந்த மடற்குழுவில் பேச்சு எழும்போதெல்லாம் அவர்கள் ஒரு பிரச்சினையாக மட்டுமே பேசப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெயிலில் நின்று முதலுதவி செய்பவர்களும் வழிகாட்டுபவர்களும் யார்? சாரணர்களும் சென். ஜோன் அம்புலன்ஸ் பிள்ளைகளும் செஞ்சிலுவைத் தொண்டர்களும்தான். இலங்கையின் இரத்த வங்கி 2014 முதல் முழுக்க முழுக்கப் பணம் வாங்காமல் இரத்தம் கொடுப்பவர்களை நம்பி இயங்குகிறது. நம் பக்கத்தில் வாசிகசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் இரத்ததான முகாம் நடக்கும்போது கட்டிலில் படுத்திருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். பனம்பழம் விழும் காலம் முடிந்ததும் மழைக்கு முன்பாக விதைகளைச் சேர்த்து வெறும் காணிகளிலும் குளக்கரைகளிலும் ஊன்றுகிறவர்களும் அவர்களே. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாளை வரும்வரை அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. இருபது வயதில் அதை நடுகிறவனைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்ல என்னால் முடியாது.

அவர்கள் வராத இடம் ஒன்று உண்டு. அது நம்முடைய கூட்டம். வந்தால் என்ன கொடுக்கிறோம்? கதிரை அடுக்கும் வேலை, வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினருக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் வேலை, பிறகு பின்வரிசையில் இருந்து உரைகளைக் கேட்கும் வேலை. தீர்மானம் எல்லாம் ஏற்கெனவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் எடுக்கப்பட்டிருக்கும்.

நம் மண்ணில் இளையவர்கள் முன்னால் நடந்த காலமும் இருந்தது. 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முக்கிய கர்த்தாவான ஹன்டி பேரின்பநாயகத்துக்கு இருபத்தைந்து வயதளவே இருக்கும். பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அந்த அமைப்புத்தான் 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று பேசியது, சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. அன்றைய பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பெரியவர்களுக்குப் பிடித்த வேலையை மட்டும் அந்த இளைஞர்கள் செய்திருந்தால் சம ஆசனம் இன்னும் எத்தனை காலம் பிந்தியிருக்கும்?

தெற்கிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவ என்ற கிராமத்துக்குத் தம் மாணவர்களை அழைத்துப்போனார். நகரத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, சேர்ந்து உண்டு, சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சிரமதானம் நாடெங்கும் பரவியதில் அந்த மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது அவர்கள் அங்கே தங்கியது. தங்கியதால்தான் அந்த ஊருக்கு எது தேவை என்பதை அந்த ஊராரிடமே கேட்க முடிந்தது.

நாம் வாழும் நாடுகளிலும் இதைத் தினமும் பார்க்கிறோம். ஜேர்மனியில் சிறிய ஊர்களில் தீயணைப்புப் படை என்பது தொண்டர் படைதான். பகலில் தச்சராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்கள் மணி அடித்தால் ஓடிப்போகிறார்கள். பத்து வயதளவிலேயே பிள்ளைகளைச் சேர்க்கும் இளையோர் பிரிவும் இருக்கிறது. நோர்வே உறவுகளுக்கு டுக்னாட் என்ற கூட்டுத் தொண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வசந்தம் வந்ததும் குடியிருப்பு முழுவதும் வெளியே இறங்கி இலை கூட்டும்போது யாரும் கூலி கேட்பதில்லை, சிறு பிள்ளைகளின் கையிலும் ஒரு விளக்குமாறு இருக்கும். இங்கே ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். அதை எப்படியாவது முடித்துக் கையெழுத்து வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்த மணி நேரத்தில் வாழ்க்கையையே கண்டுபிடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் பார்த்த அளவில், பிள்ளையிடம் ஒரு வேலையை முழுவதுமாக நம்பிக் கொடுத்த இடங்களில்தான் இரண்டாவது வகை உருவாகிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாட்கூலி கொடுத்துவிடலாம் என்று சிட்னி அண்ணா நல்ல மனத்தோடு எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை, ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கையெழுத்து வைத்தவர்களில் சிலர் மேசன் வேலைக்கும் தோட்டத்துக்கும் நாட்கூலிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சிரமதானம் என்றால் அவர்கள் வீட்டில் அன்றைய வருமானம் இல்லை. ஆகவே எந்த நாள் என்பதை அவர்களிடமே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஞாயிறு காலை அவர்களுக்கு வசதியாக இருக்கலாம். மதகு கட்டுவது, கிணற்றில் இறங்குவது போன்ற தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலைக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். கூலி கொடுக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்று சொல்லி இலவசமாக வாங்குவது பாவம். மற்ற வேலைக்குக் காசை நீட்டினால் அடுத்த ஆண்டு காசு இல்லாதபோது மண்வெட்டியும் எழும்பாது. சாப்பாடு, தேநீர், பெற்றோல் ஆகிய செலவுகளை நாம் தாராளமாகப் பொறுப்பேற்போம்.

பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் எழுதாதது எனக்குப் பயமாக இருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்துவிட்டோமா? அது தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய். வாய்க்காலில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கால் வரை இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் வேண்டும். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு ஒதுக்கிய தொகை இவற்றுக்குப் போதும் என்று நினைக்கிறேன். பலகை இந்த ஆண்டு வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெயர்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் இருக்கின்றன. ஆனால் நிலைய நிர்வாகத்தில் ஒரு பெண்ணும் இல்லை. கூட்டம் இரவு ஏழரைக்கு நடக்கிறது, நிலையத்தில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை, வெளியே விளக்கில்லை. எந்தத் தாய் அனுப்புவாள்? கூட்டத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு வைப்பதற்கு ஒரு சதமும் தேவையில்லை. கழிப்பறைக்கும் விளக்குக்கும் காசு தேவை. குளத்துக்குச் சேர்த்த காசில் மிஞ்சுவதை முதலில் அதற்கே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடிதத்தில் மாலை வகுப்பு நடத்தும் யோசனை ஒன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக்காக நீண்ட காலம் வீட்டில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நிலையத்தின் மேல் மாடி அறையைத் திறந்துவிட்டால் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் தாங்களே இலவசமாகச் சொல்லித் தருவதாக எழுதியிருக்கிறார்கள். தனியார் வகுப்புக்குக் காசில்லாத வீடுகள் ஊரில் எத்தனை என்பது நமக்குத் தெரியும். நேற்றுவரை அதே பரீட்சைக்குப் படித்தவர்களுக்குப் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது நன்றாகத் தெரியும். அந்த அறை இப்போது நாம் அனுப்பிய பழைய சாமான்களால் நிறைந்து பூட்டிக் கிடக்கிறது. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் தயவுசெய்து அறியத் தாருங்கள்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ நம்மைப் போல வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல இந்தக் குழுவில் எவருக்கும் உரிமை இல்லை. போகிறவர் வருகிறவரிடம் கணக்குப் புத்தகத்தையும் கூட்டக் குறிப்பேட்டையும் திறப்பையும் முறையாகக் கொடுத்துவிட்டுப் போகும் ஒழுங்கு இருந்தால் போதும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர், அவர்களில் ஒருவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிப்பவர் என்று வைத்தால் தொடர்ச்சி அறாது.

ஆகவே வரும் இணையவழிக் கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவது இதுதான். குளத்து நிதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பிள்ளைகள் குழுவின் பொறுப்பில் விடுவோம். எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களே கூடித் தீர்மானிக்கட்டும், கணக்கை மாதந்தோறும் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். நிலைய நிர்வாகத்தில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான்கு இடம், அதில் இரண்டு பெண்களுக்கு. பெக்கோ வருவதற்கு முன்பு வாய்க்கால் திறக்கப்பட வேண்டும். மதில் விடயத்தைப் பிள்ளைகளின் தலையில் கட்ட வேண்டாம். மதிலுக்குச் சொந்தக்காரர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், அவர்களோடு நாமே பேசுவோம். எங்கள் வீட்டு மதிலும் அந்த வரைபடத்தில் இருக்கிறது. கீழே குழாய் வைத்துத் தண்ணீருக்கு வழிவிடும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், வேலை தொடங்கிவிட்டது.

இங்குள்ள நம் பிள்ளைகளுக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. கையால் கீறிய வரைபடத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு என் மகளும் அவளுடைய தோழிகளும் ஆயத்தமாக இருக்கிறார்கள். ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை என்றால் ஊரில் மாலை, இரு பக்கத்துப் பிள்ளைகளும் திரையில் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். மற்றக் கிளைகளிலும் விருப்பமுள்ள பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் எனக்குத் தனிமடல் போடுங்கள். அவர்கள் செய்யாத மணி நேரத்துக்கு மட்டும் யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

சப்பாத்துகளின் அளவுகளைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். மழை ஐப்பசியில் தொடங்கிவிடும், அதற்கு முன் வாய்க்காலில் இறங்க வேண்டும். மறுப்பு இருப்பவர்கள் கூட்டத்துக்கு முன்பே இங்கே எழுதுங்கள். எவர் என்ன எழுதினாலும், முதலில் அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் போகட்டும். நான் என் பதிலை இன்றிரவே அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து உங்கள் சகோதரி