ஜப்பானியப் போர் விசிறி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சாமுராய்களின் போர் விசிறிகளைப் பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயாரிக்கிறேன். மடக்கு விசிறி குன்சென், இரும்பில் செய்தது தெஸ்ஸென், மடங்காத அகன்ற விசிறி குன்பாய். இதுவரை சரி. தளபதிகள் குன்பாயை வீசிப் படைக்குச் சைகை காட்டினார்கள். இன்றைக்கும் சூமோ நடுவர் கையில் இருப்பது அதுதான். வாளை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டிய இடங்களில் தெஸ்ஸென் துணைக்கு வந்தது. பார்க்க விசிறி, ஓங்கி ஒன்று வைத்தால் மண்டை பிளந்துவிடும்!

1561-ல் கவானகஜிமா போரில் உவெசுகி கென்ஷின் என்ற தளபதி குதிரையில் பாய்ந்து வந்து வாளை வீச, உட்கார்ந்திருந்த எதிரணித் தளபதி தகேதா ஷிங்கென் குன்பாயாலேயே தடுத்தாராம். வரலாறு என்பதைவிடக் கதை என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஜப்பானின் நாகானோவில் அந்தக் காட்சிக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், பலகையின் நடுவில் இதையே போடப்போகிறேன்.

எனக்கு வேண்டியது இரண்டு. விசிறியை எப்படி அசைத்தால் படைக்கு என்ன கட்டளை என்று விளக்கும் நூலோ கட்டுரையோ இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது அருங்காட்சியகத்தில் எடுத்த தெஸ்ஸென் படம் வைத்திருந்தால் அனுப்ப முடியுமா? மடக்கிய நிலையில் ஒன்று, விரித்த நிலையில் ஒன்று கிடைத்தால் ரொம்ப நல்லது. எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே போட்டுவிடுகிறேன்.