கவ்வாத்துக் கத்தி கையில் இருந்தால் குற்றம் பெரிதாகிவிடுமா?

மஸ்கெலியாக்காரன்:
போன மாதம் சம்பள நாளன்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அண்ணன் தம்பிக்குள் சண்டை. தம்பி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தான். கையில் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி. அண்ணனின் முன்கையில் வெட்டு, ஐந்து தையல். வெறும் கையால் அடித்திருந்தால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, கூடினால் ஒரு வருடம். கத்தி என்பதால் 315, மூன்று வருடம் வரை. எலும்பு முறிந்தால் 316, ஏழு வருடம் வரை. அதையே ஆயுதத்தால் செய்தால் 317, பத்து வருடம் வரை.

காயத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது சரி. கையில் என்ன இருந்தது என்று பார்த்துப் பிரிப்பது தோட்டத்து ஆளுக்கு அநியாயம். கொழும்பில் வங்கி வேலைக்காரர் பேனாவோடு வீடு திரும்புகிறார், நாங்கள் கத்தியோடு திரும்புகிறோம்.

லிந்துலை தாதி:
தம்பி, இப்படிப்பட்ட காயங்களுக்கு இருபது வருடமாக மருந்து கட்டுகிறேன். தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் துண்டாக்கத்தான் அந்தக் கத்தியைத் தீட்டுகிறீர்கள். அது கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கழுத்து. கத்தியைக் கொண்டுபோனதற்கு 315 போடுவதில்லை, அதை மனிதன் மேல் வீசியதற்குத்தான் போடுகிறார்கள். வேலைச் சாமான் என்று சலுகை கொடுத்தால் முதலில் யார் சாவார்கள் தெரியுமா? குடித்துவிட்டு வரும் புருசனிடம் அடிவாங்கும் லயத்துப் பெண்கள். அவர்கள் வீட்டில் இருப்பதும் அதே கத்திதான்.

டிக்கோயா ரசிகன்:
படங்களில் வருவதுபோல முதலாம் தரக் கொலை, இரண்டாம் தரக் கொலை என்று இங்கே கிடையாதா?

பதுளை சட்ட மாணவன்:
அந்தப் பெயர்கள் அமெரிக்காவில் உள்ளவை. நம்முடைய சட்டக்கோவை 1883இல் வந்தது. அதில் பெயர் இல்லாவிட்டாலும் படிகள் இருக்கின்றன. கொலைக்கு 296இன் கீழ் மரண தண்டனை. ஆனால் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. கொலையாகாத ஆட்கொலை என்றால் 297: சாகடிக்கும் எண்ணம் இருந்தால் இருபது வருடம் வரை, சாவான் என்ற அறிவு மட்டும் இருந்தால் பத்து வருடம் வரை. கவனயீனத்தால் சாவு என்றால் 298, ஐந்து வருடம் வரை. முன்கூட்டித் திட்டமிடாமல் திடீர்ச் சண்டையில் நடந்தால், கொடூரமாக நடந்துகொள்ளாதவரை, கொலைக்குற்றம் 297க்கு இறங்கலாம். அதாவது உயிர் போன வழக்கில்கூடச் சட்டம் மனதைப் பார்க்கிறது.

அண்ணா, இன்னொன்று. மூன்று வருடம் என்பது உச்சவரம்பு. நீதவான் சாதாரணமாகக் கொடுக்கக்கூடியது இரண்டு வருடம்தான். இரண்டு வருடமோ அதற்குக் குறைவோ என்றால், உடனே சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை ஒத்திவைக்கவும் முடியும்.

மஸ்கெலியாக்காரன்:
அந்த ஒத்திவைப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். "ஒப்புக்கொள், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று வெட்டிய தம்பியிடம் சொன்னார்களாம். வாக்குமூலம் சிங்களத்தில், அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஒப்புக்கொண்டால் குற்றவாளி என்று பதிவாகும். ஒத்திவைத்த காலத்துக்குள் இன்னொரு வழக்கில் மாட்டினால் பழைய தண்டனையும் சேர்ந்து தலையில் விழும். தீர்ப்புக்கு முன் விளக்கமறியலில் (காவலில்) இருந்த நாளுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்கூடக் கிடையாது. தீர்ப்புக்கு முன்பே பாதித் தண்டனை முடிந்துவிட்டது. அக்கா, நீங்கள் சொல்லும் பெண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓங்கி வெட்டியவனும் இழுபறியில் கீறியவனும் ஒரே பிரிவில் நிற்கக்கூடாது.

லிந்துலை தாதி:
தெரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது பெரிய தப்பு. அதற்காக உங்களோடு சேர்ந்து நானும் கத்துவேன். ஆனால் பிரிவை மாற்றச் சொல்லாதீர்கள். ஓங்கினானா, கீறினானா என்பதைத் தண்டனை அளக்கும்போது நீதவான் பார்க்கட்டும். அது இருக்கட்டும், அண்ணனுக்கு விரல் மடங்குகிறதா?

மஸ்கெலியாக்காரன்:
சின்ன விரலும் பக்கத்து விரலும் மடங்கவில்லை. வியாழக்கிழமை திரும்பவும் கிளினிக்.

பதுளை சட்ட மாணவன்:
அண்ணா, அப்படியென்றால் உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். உறுப்பின் சக்தி நிரந்தரமாகக் குறைந்தால் சட்டத்தில் அது கடுங்காயம். காயத்தைப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும் என்றீர்களே, அந்தக் கணக்கில் பார்த்தாலும் வழக்கு 315இல் நிற்காது, 317க்குப் போகலாம். வியாழக்கிழமை வைத்தியர் என்ன எழுதுகிறார் என்று தெரியும்வரை தம்பி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.