தூத்துக்குடி மாவட்டம் முழுக்க ஒரே நிறமா?

ஏரல் வாழைத்தோட்டம்:
எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள். பருவநிலை மாற்றத்தால் எந்த மாவட்டத்துக்கு என்ன ஆபத்து என்று நிறம் தீட்டியது. தூத்துக்குடி முழுக்க வறட்சி நிறம். அதை வைத்து எங்களுக்குச் சொன்ன யோசனை பண்ணைக்குட்டையும் சொட்டுநீரும். என் தோட்டம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரியை விட அதிகம். தார் வெட்ட இருந்த 900 வாழை தண்ணீருக்குள் போனது. ஊராட்சி அளவில் நாமே வரைபடம் போட வழி உண்டா?

கரிசல்காட்டான், விளாத்திகுளம்:
அண்ணாச்சி, அந்த நிறத்தை மொத்தமாக அழித்துவிடாதீர்கள், எங்களுக்கு அது வேண்டும். இங்கே மானாவாரிதான். புரட்டாசியில் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். முளைத்தபின் மழை தள்ளினால் மறுவிதைப்பு. ஆனால் 2021 ஜனவரியில் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, உளுந்து செடியிலேயே முளைத்தது. எங்களுக்கு இடம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும்.

வரைபட வேலைக்காரி:
மாவட்டச் சராசரியில் ஆற்றங்கரையும் கரிசலும் உப்பளமும் கலந்து போகும். என்ன வருகிறது, அதன் வழியில் யார், என்ன பயிர் இருக்கிறது, தாங்கும் வலு எவ்வளவு என்று மூன்று தாளாகப் போடுங்கள். கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கினால் மறுபடியும் ஒற்றை நிறம்தான். வெள்ளம் நின்ற இடத்தைப் பார்க்க, சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் ராடார் படம் இலவசம், மேகத்தையும் ஊடுருவும். ஆனால் 2023 வெள்ளத்தின்போது அதில் ஒரு செயற்கைக்கோள்தான் ஓடியது; அதே தடத்துக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வந்தது, உச்ச வெள்ளத்தைத் தவறவிட்டிருக்கலாம். அதனால் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கறையை டேப்பால் அளந்து, போனில் இடம் குறியுங்கள். எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள், வாழைக்கு அது ரொம்ப முக்கியம். கியூஜிஐஎஸ் வரைபடம் போடும் இலவச மென்பொருள், அதில் ஏற்றிவிடலாம்.

ஏரல் வாழைத்தோட்டம்:
எங்கள் வீட்டு நடையில் கறை என் மார்பளவு இருக்கிறது. அம்மா இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை. தெருவில் பாதி வீடு பெயிண்ட் அடித்தாயிற்று, அதனால் இந்த ஞாயிறே பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரோடு கிளம்புகிறேன். விளாத்திகுளம் அண்ணாச்சி, உங்கள் ஊர் விதைப்பு, அறுப்பு மாதங்களை எழுதி அனுப்புங்கள். இரண்டு ஊர்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அடுத்த கூட்டத்தில் காட்டுகிறேன்.