மறு: கிராபீன் வகைப் பொருள்களுக்குப் பெயர்: ஆடையா, ஏடா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கிராபீன் என்பது பென்சில் கரியான கிராபைட்டின் ஒற்றை அடுக்கு. அதைப் போல ஒரு சில அணுக்களே தடிமனான பொருள்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சுக்கு, உங்கள் கேள்விகளை மேற்கோள் காட்டி என் பதில் இது. உடலில் ஒட்டும் உணரிகளை (சென்சார்) பற்றி நான் எழுதும் கட்டுரைக்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது.

> 'இருபரிமாணப் பொருள்' என்ற சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஐயா, பாடநூலுக்கு அது போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. 'இருபரிமாணப் பொருளால் ஆன உணரியை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளலாம்' என்று எழுதி மனைவியிடம் நீட்டினேன். "எதை ஒட்டறது, படத்தையா?" என்றாள். நீள அகலம் மட்டும் உள்ள ஒன்றைக் கையால் எடுக்க முடியாதே என்பது அவள் வாதம். நியாயம்தான். கிராபீனுக்கும் தடிமன் உண்டு, 0.34 நானோமீட்டர். அதே வகையைச் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடின் ஓர் அடுக்குக்குச் சுமார் 0.65. இயற்பியலார் 'இரண்டு' என்று எண்ணுவது எலக்ட்ரான் ஓடித் திரிகிற திசைகளை.

> மீமெல்படலம்?

படலம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் மேல்பூச்சும் மென்படலம்தான். அதன் தடிமனை எவ்வளவு குறைத்தாலும் அது மெல்லிய பூச்சு, அவ்வளவே. நாம் பெயர் தேடுவது வேறு சாதி. கிராபைட்டுக்குள் அடுக்குகள் பிறவியிலேயே இருக்கின்றன. ஓர் அடுக்குக்குள் அணுக்களின் பிடி இரும்புப் பிடி, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஒப்புக்கு ஒரு பிடி. பென்சில் எழுதுவதே அந்தப் பிடி நழுவுவதால்தான். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் செலோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிரித்தே ஒற்றை அடுக்கு வரைக்கும் போனார்கள். 2010இல் நோபல் பரிசு வந்தது. 'மீ'யும் 'மெல்'லும் எவ்வளவு மெலிவு என்று சொல்லும், அடுக்கைச் சொல்லாது.

பாம்புச் சட்டையை நினைவூட்டி 'உரி' என்று எழுதிய அம்மாவுக்கு ஒரு கும்பிடு. வினையாக அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அடுக்கைப் பிரிப்பது உரித்தல். பெயராக வேண்டாம் என்பேன். இப்போது தாமிரத் தகட்டின் மேல் ஆவியிலிருந்து வளர்த்தும் எடுக்கிறார்கள், உரிக்காமல் வந்ததையும் உரி என்பதா? தவிர, உழக்கு, உரி, நாழி என்று அளந்த கை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

சரி, என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். டாடா இன்ஸ்டிடியூட்டில் ஆராய்ச்சி மாணவி. வெளியூர்க்காரர்களுக்காக: இந்திய அறிவியல் கழகத்துக்கு எங்கள் பெங்களூர் மத்திகெரே ஆட்டோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான், 1909இல் தொடங்கியதிலிருந்து ஒட்டிக்கொண்ட டாடா இன்னும் போகவில்லை. அவள் புலம்பல் இரண்டே வகை. ஒன்று, "நல்ல ப்ளேக் கிடைக்கலண்ணா." செதில் தேடும் வேலை. ஏறக்குறைய 300 நானோமீட்டர் ஆக்சைடு பூசிய சிலிக்கான் வில்லையில், ஊதா நிறப் பின்னணியில் ஓர் அடுக்குக் கிராபீன் சற்றே கருத்த நிழல் போலத் தெரியும். விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டைத்தான் அது விழுங்கும். மணிக்கணக்காக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து அந்த நிழலைத் தேட வேண்டும். இரண்டாவது, "டிரான்ஸ்பர்ல சுருங்கிருச்சுண்ணா."

இந்த இரண்டாவதை எனக்குப் புரியவைக்கத்தான் அவள் போன ஞாயிறு எங்கள் அடுப்படிக்கு வந்தாள். காய்ச்சி ஆறவைத்த நந்தினி பால் சட்டியில் இருந்தது. கரண்டி விளிம்பால் மேலே இருந்ததை மெல்லத் தூக்கினாள். ஒரு பக்கம் ஏறியது, மறு பக்கம் தன்மேலேயே மடிந்து சுருண்டு பொதக்கென்று பாலில் விழுந்தது. "இதேதான் நடக்குது. கிராபீன் மேல கொஞ்சம் பிளாஸ்டிக்கைப் பூசி, அடியில இருக்கிற தாமிரத்தைக் கரைச்சிட்டா தண்ணில மிதக்கும். அடியில வில்லையைக் கொடுத்து ஏந்தணும். கை நடுங்குனா போச்சு." சொல்லிவிட்டு, விரலில் ஒட்டியதைக் காட்டினாள். ரேகைப் பள்ளங்களுக்குள்ளும் அது இறங்கிப் படிந்திருந்தது.

"பாலாடை" என்றாள் என் மனைவி. "பாலேடு" என்றாள் மாடிப்பெண். ஒரே அடுப்படியில் இரண்டு சொல்.

முதலில் எனக்கு ஆடைமேல்தான் ஆசை. உடுத்துவதும் ஆடை, பாலின் மேல் படிவதும் ஆடை. உடலில் அணியும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அகப்படுமா? ஆனால் துணியிலேயே உணரியை நெய்கிறவர்கள் தனியாக இருக்கிறார்கள், 'ஆடை உணரி' என்றால் அவர்கள் சொத்து. அதற்கும் மேல், அணுவோடு ஆடையைச் சேர்த்துப் பாருங்கள்: அணுவாடை. கல்பாக்கம் பக்கம் காற்றில் ஏதோ வீசுகிற மாதிரி இருக்கிறது.

ஏடு அப்படி இல்லை. ஓலையும் ஏடு, பாலின் மேல் படிவதும் ஏடு. ஏடுகளை அடுக்கிக் கட்டினால் சுவடி. கிராபைட் ஒரு சுவடி என்றால் கிராபீன் அதிலிருந்து உருவிய ஓர் ஏடு. விளக்கம் சொல்லாமலே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இன்னொன்று, எண்ணிக்கை. ஓரேடு, ஈரேடு, மூவேடு. இது அழகுக்காக இல்லை. மாலிப்டினம் டைசல்பைடு ஓரேடாக இருந்தால் நன்றாக ஒளிரும், ஈரேடானதும் மங்கிவிடும், எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியின் தன்மையே மாறிவிடுகிறது. ஒன்றா இரண்டா என்பது இங்கே வேறு பொருளா என்று கேட்பது மாதிரி. நாலுக்கு மேல்தான் தகராறு. நாலேடு என்றால் வேகமாகப் படிக்கிறவர் நாளேடு என்பார், நான்கேடு என்றாலோ கேடு வந்து நிற்கிறது. அதற்கு மேல் 'சில ஏடு' என்று விட்டுவிடலாம், ஆய்வுக்கட்டுரைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் விடுகிறார்கள்.

'ஏட்டுச் சுரைக்காய்' என்று யாராவது கட்டாயம் எழுதுவீர்கள். எழுதுங்கள், ஆய்வகத்தைத் தாண்டாத கருவிகளுக்கு அது பொருந்தவும் செய்யும்.

இனி கருவிக்குப் பெயர். இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. போன வருடம் அப்பாவுக்கு 24 மணிநேர இ.சி.ஜி. எடுக்க ஹோல்டர் என்கிற பதிவுக்கருவியை மாட்டி அனுப்பினார்கள். பனியனுக்குள் ஒயர், இடுப்பில் பெட்டி. இரவெல்லாம் சாய்வு நாற்காலியிலேயே இருந்தார். காலையில் நெஞ்சில் வட்ட வட்டமாகச் சிவப்பு. போதாததற்கு நெஞ்சில் ஒட்டிய மின்முனை வில்லை ஒன்று பாதி கழன்று, நடுராத்திரிக்குப் பிறகு வந்த கோடு எதற்கும் ஆகவில்லை. பாவம், அந்த வில்லைமேல் குற்றம் இல்லை. தோல் மேடும் பள்ளமுமானது, கெட்டியான மின்முனை மேடுகளை மட்டும்தான் தொடும். இடைவெளியை அடைக்கத்தான் ஜெல். ஜெல் காய்ந்தால் கோடு நடுங்கும்.

மெலிவு உதவுவது இங்கேதான். ஒரு தகட்டின் வளையாத்தன்மை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனைப் பத்தில் ஒன்றாக்கினால் விறைப்பு ஆயிரத்தில் ஒன்று. அப்புறம் பசையே வேண்டாம், பாலேடு விரலில் படிந்தது போல அது தானாகப் படியும். 2017இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் செய்த கிராபீன் பச்சைகுத்து (டாட்டூ), தாங்கும் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே அரை மைக்ரோமீட்டருக்கும் கீழ். பபுள்கம்மோடு வரும் ஸ்டிக்கரைத் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டுவோமே, அதே மாதிரி ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். தோல் இழுபடும்போது கிழியாமல் இருக்கப் பாம்பு நெளிவாக வெட்டியிருந்தார்கள்.

இதற்கு 'ஏட்டுணரி' என்று நான் வைத்தேன். மாடிப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏட்டையா தெருமுனையில் வருவதைக் கண்டுபிடிக்கிற கருவியா என்று கேட்டாள். பிறகு அவளே திருப்பிப் போட்டாள்: உணரேடு. உணர்கின்ற ஏடு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன். உணரேட்டை ஒட்டினார், உணரேட்டில் பதிவானது. நாக்கு தடுக்கவில்லை.

ஆகவே என் கட்டுரையில் பொருளுக்கு ஏடு, எண்ணிக்கைக்கு ஓரேடு, ஈரேடு, கருவிக்கு உணரேடு என்று போகப்போகிறேன். கிராபீன் கிராபீனாகவே இருக்கட்டும். சனிக்கிழமை அனுப்ப வேண்டும், வெட்டுகிறவர்கள் வெள்ளிக்குள் வெட்டுங்கள். இலங்கைப் பாடநூல்களில் ஏடு வேறு பொருளில் வருகிறதா என்று அங்குள்ள நண்பர்கள் பார்த்துச் சொன்னால் நல்லது.

பி.கு. அப்பாவிடம் உணரேடு என்று சொல்லிக் காட்டினேன். "சொறியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.