புதுப்பிப்பு: கொழுக்குமலைக்கு எடுத்துச் சென்ற கார்பன் ஃபைபர் ட்ரைபாட் (கேமரா முக்காலி)

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 2 கிலோ அலுமினிய ட்ரைபாடுக்குப் பதிலாகப் பயணத்துக்கு லேசான கார்பன் ஃபைபர் வாங்கலாமா, கால் 4 அடுக்கா 5 அடுக்கா (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள்) என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

4 அடுக்குதான் வாங்கினேன். "மடித்த நீளத்தைப் பார்க்காதே, கடைசிக் குழாயின் தடிமனைப் பார்" என்று ஒருவர் எழுதியதுதான் முடிவைத் தீர்மானித்தது. மேல்குழாய் 25 மில்லிமீட்டர் என்றால் அடுக்குக்கு அடுக்கு 3 மில்லிமீட்டர் குறையும். 4 அடுக்கில் கடைசிக் குழாய் 16, 5 அடுக்கில் வெறும் 13. கடையில் இரண்டையும் முழுதாக நீட்டி, தலையை (கேமராவைப் பொருத்தும் மேல்பகுதி) லேசாகத் தட்டிப் பார்த்தேன். 5 அடுக்கில் அதிர்வு அடங்க நேரமெடுத்தது. எடை தலையோடு 1.4 கிலோ. மடித்தால் 45 சென்டிமீட்டர், பைக்குள் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான் போகிறது.

சூரியநெல்லியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறினோம். மேலே நல்ல காற்று. நடுத்தண்டை உயர்த்தாமல், 2 நொடி டைமர் வைத்து எடுத்த படங்கள் கூர்மையாக வந்தன.

ஆனால் தொடக்கத்தில் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ட்ரைபாட் ஆடாமல் இருக்க, நடுத்தண்டின் அடியில் உள்ள கொக்கியில் பையை எடைக்காகத் தொங்கவிட்டேன். அது காற்றில் ஆடி, ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டியது. முதல் 10 படங்கள் கலங்கிவிட்டன. பையின் அடி தரையைத் தொடுகிற மாதிரி வாரை நீட்டிக் கட்டியதும் சரியாகிவிட்டது. லேசான ட்ரைபாட் வாங்குபவர்கள் இதை அவசியம் கவனியுங்கள்.