புதுப்பிப்பு: அப்பாவின் ஆம்ஸ்லர் கட்டச் சோதனை

உலர் வகை மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி மெல்லத் தேயும் நோய்) உள்ள அப்பா, ஆம்ஸ்லர் கட்டத்தை (கோடுகள் நெளிந்து தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்க உதவும், நடுவில் புள்ளியுள்ள கட்டத்தாள்) தினமும் பார்த்துவிட்டு "எல்லாம் நேராத்தான் இருக்கு" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஒரு கண்ணை முழுக்க மூடச் சொன்ன யோசனைதான். அப்பா விரல்களால் மூடிக்கொண்டு இடுக்கு வழியே பார்த்திருக்கிறார். நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிட்டது. இப்போது உள்ளங்கையைக் குழித்து மூடுகிறார். படிக்கும் கண்ணாடியோடு, சுமார் 30 செ.மீ. தள்ளி, நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். பார்வையைக் கோடுகளின் மேல் ஓடவிட்டால் சோதனையே வீண். அப்புறம், அச்செடுத்தால் கட்டம் 10 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள், பிரிண்டர் சில சமயம் தானாகச் சுருக்கிவிடும்.

இடக்கண்ணில் புள்ளிக்குக் கீழே கோடுகள் நெளிந்தன. உடனே மருத்துவரிடம் போனோம். ஓசிடி ஸ்கேனில் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் படம்) விழித்திரைக்கு அடியில் நீர்க்கசிவு. உலர் வகை, இப்படிக் கசிவு வரும் ஈர வகையாக மாறியிருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி தொடங்கியாயிற்று.

எதிர்பாராதது: ஊசிக்குப் பிறகு நெளிவு குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை. மிச்சமிருப்பதைத் தாளிலேயே பென்சிலால் வரைந்து, தேதி போட்டு வைத்திருக்கிறோம். அதைவிடக் கூடினாலோ வேறு இடத்தில் வந்தாலோ உடனே போக வேண்டும். கட்டம் சரியாகத் தெரிந்தாலும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாதாம்; சில கசிவுகள் கட்டத்தில் தெரியவே தெரியாது என்றார் மருத்துவர்.